நேரா ஐடிக்குத் தாவிட முடியுமா? ஒரு நாட்டுக்குத் தொழிற்சாலை ஏன் வேணும்?

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்களைச் சுருக்கியிருக்கோம், பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்குது.

ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி யுபிஐ பத்திப் பேசினோம் இல்லையா, அதுல போற போக்குல ஒண்ணு சொல்லிட்டேன். "நாம லேண்ட்லைனைத் தாண்டி நேரா மொபைலுக்குப் போனோம். கார்டைத் தாண்டி நேரா கியூஆர் கோடுக்குப் போனோம். அதே மாதிரி தொழிற்சாலைங்கிற கட்டத்தையும் தாண்டி நேரா சர்வீஸ் எகானமிக்குப் போயிடலாம்." கேட்க நல்லா இருந்துச்சு. அதனால எடிட் பண்ணும்போதும் வெட்டலை.

எங்க அப்பா வழக்கமா என் பாட்காஸ்ட் கேட்க மாட்டார். அந்த எபிசோடை மட்டும் தங்கச்சி அவர் போன்ல போட்டு விட்டிருக்கா. ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டார். "உங்க ஆபீஸ்ல பத்தாவது மட்டும் படிச்சவங்க எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க?"

யோசிச்சேன். செக்யூரிட்டி அண்ணா, ஹவுஸ்கீப்பிங் அக்கா, கேன்டீன்ல இருக்கறவங்க, கேப் டிரைவர்கள். "இருக்காங்கப்பா, ஆனா அவங்க கம்பெனி ஆளுங்க இல்ல, கான்ட்ராக்ட்"னு சொன்னேன். "சரி, அவங்க அங்கேயே பத்து வருஷம் இருந்தா என்ன ஆவாங்க?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியல. அவர் ரசம் ஊத்திக்கிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிட்டார்.

அப்பா ஐடிஐ முடிச்ச டர்னர். அம்பத்தூர்ல ஒரு பெரிய தொழிற்சாலையில 11 வருஷம் வேலை பார்த்துட்டு, 1994ல ஒரு பழைய லேத் வாங்கிச் சொந்தமா பட்டறை போட்டவர். அந்தப் பட்டறை வருமானத்துல படிச்சுதான் நான் மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆனேன். ஆகி, கேம்பஸ் இன்டர்வியூல ஐடி கம்பெனிக்குப் போயிட்டேன். அதனால அந்தக் கேள்வி எனக்குப் பொருளாதாரக் கேள்வியா மட்டும் படல. மூணு வாரம் உட்கார்ந்து படிச்சேன். படிச்சதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். சுருக்கமா சொன்னா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு.

யார் எங்க வேலை பார்க்கறாங்க?

முதல்ல ஒரு சின்ன கணக்கு. இந்தியாவுல வேலை பார்க்கறவங்கள்ல சுமார் 46 சதவீதம் பேர் விவசாயத்துல இருக்காங்க. ஆனா நாட்டோட மொத்த உற்பத்தி மதிப்புல விவசாயத்தோட பங்கு சுமார் 18 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட பாதி ஜனங்க, அஞ்சுல ஒரு பங்குக்கும் குறைவான வருமானத்தைப் பங்கு போட்டுக்கறாங்க. கிராமத்துல கூலி ஏன் கம்மின்னு கேட்டா, பெரும்பகுதி பதில் இந்த ரெண்டு எண்ணுக்குள்ளேயே இருக்கு.

இப்போ ஐடி. நேரடி வேலை 50 லட்சத்துக்கும் சற்று மேல. கேட்க பெரிய எண். ஆனா நாட்டுல வேலை பார்க்கறவங்க 50 கோடிக்கும் மேல. அப்போ நாம எல்லாரும் சேர்ந்து சுமார் ஒரு சதவீதம். ஓஎம்ஆர்ல டிராஃபிக்ல நிக்கும்போது ஊர்ல பாதிப் பேர் ஐடின்னு தோணும். அது நாம நிக்கற ரோடு அப்படி.

இதைப் பத்தி 1954லயே ஒருத்தர் தெளிவா எழுதினார். ஆர்தர் லூயிஸ். கரீபியன்ல செயின்ட் லூசியாங்கிற குட்டித் தீவுல பிறந்தவர். 1979ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கினார். அவர் வாதத்தை நம்ம ஊர்க் கணக்கா மாத்திச் சொல்றேன்.

ஒரு வீட்டுல ரெண்டு ஏக்கர் நிலம். அதுக்கு ரெண்டு பேர் உழைப்பு போதும். ஆனா வேற வேலை இல்லாததால வீட்டுல அஞ்சு பேரும் அதே நிலத்துல வேலை பார்க்கறாங்க. அதுல ஒருத்தர் கிளம்பி வெளியூர் வேலைக்குப் போனா நெல் விளைச்சல் குறையுமா? குறையாது. அவர் வெளியில சம்பாதிக்கறது அந்த வீட்டுக்கும் நாட்டுக்கும் முழுக்க கூடுதல். இப்படி ஆட்களைக் குறைஞ்ச மதிப்புள்ள வேலையில இருந்து அதிக மதிப்புள்ள வேலைக்கு நகர்த்தறதுதான் வளர்ச்சின்னு லூயிஸ் சொல்றார்.

சரி, அந்த ஆள் எங்க போவார்? டிகிரி இல்ல, இங்கிலீஷ் வராது. ஐடி கதவு திறக்காது. டெலிவரிக்குப் போகலாம், செக்யூரிட்டிக்குப் போகலாம், கட்டட வேலைக்குப் போகலாம். போறாங்க. ஆனா அப்பாவோட ரெண்டாவது கேள்வி அங்கதான் வந்து நிக்குது. டெலிவரி பண்றவர் பத்து வருஷம் ஓட்டினாலும் ஒரு மணி நேரத்துல கொடுக்கக்கூடிய பார்சல் எண்ணிக்கை பெருசா ஏறாது. அது அவரோட குறை இல்ல. அந்த வேலையோட அமைப்பு அப்படி.

தொழிற்சாலையில அப்படி என்ன இருக்கு?

மூணு விஷயம்.

ஒண்ணு, செய்யச் செய்ய உற்பத்தித்திறன் ஏறும். நிக்கோலஸ் கால்டார்னு கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் 1966ல ஒரு சொற்பொழிவுல இதை முன்வெச்சார். உற்பத்தித் துறை எவ்வளவு வேகமா வளருதோ, அவ்வளவு வேகமா அதுல ஒரு ஆளோட உற்பத்தித்திறனும் ஏறும். வேலையை இன்னும் சின்னச் சின்னதா பிரிக்கலாம், பெரிய மெஷின் வாங்கலாம், நேத்து பண்ணின தப்பை இன்னைக்குத் தவிர்க்கலாம். ஒரு சலூன்ல ஒரு முடி வெட்ட 1960லயும் அரை மணி நேரம், இப்பவும் அரை மணி நேரம். அதே காலத்துல ஒரு சட்டைக்கோ ஒரு பேரிங்குக்கோ ஆகற ஆள் நேரம் எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாருங்க.

டானி ராட்ரிக்னு ஹார்வர்டு பேராசிரியர் ஒருத்தர் இருக்கார். 2013ல அவர் வெளியிட்ட ஆய்வு இன்னொரு படி மேல போகுது. ஏழை நாடுகள் மொத்தப் பொருளாதாரத்துல பணக்கார நாடுகளைத் தானா எட்டிப் பிடிக்கறதில்ல. ஆனா ஒழுங்குமுறைக்குள்ள இருக்கற தொழிற்சாலைகளை மட்டும் எடுத்துப் பார்த்தா, பின்தங்கின நாடுதான் வேகமா எட்டிப் பிடிக்குது. அரசு கொஞ்சம் சொதப்பலா இருந்தாலும் கூட. காரணம் எளிமை. மெஷினை விலைக்கு வாங்கலாம், முறையைப் பார்த்துக் கத்துக்கலாம், செஞ்ச பொருளை உலகத்துக்கே விக்கலாம்.

ரெண்டாவது விஷயம் நம்ம ஆட்களுக்கு உடனே புரியும். டிபென்டென்சி ட்ரீ. ஒரு பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ணினா அது கூடவே நானூறு பேக்கேஜை இழுத்துட்டு வரும் இல்லையா? தொழிற்சாலையும் அப்படித்தான். ஒரு கார் ஆலை வந்தா சீட் வேணும், கண்ணாடி வேணும், ஒயரிங் வேணும், ரப்பர் பீடிங் வேணும், போல்ட் வேணும். போல்ட்டுக்கு ஸ்டீல் கம்பி வேணும், பூச்சு வேணும், அதை அளக்க கேஜ் வேணும். இதெல்லாம் கொண்டு வர லாரி, லாரிக்கு மெக்கானிக், மெக்கானிக்குக்கு டீக்கடை. 1958ல ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் இதுக்குப் பின்னோக்கிய இணைப்பு, முன்னோக்கிய இணைப்புன்னு பேர் வெச்சார். விவசாயத்தை விட தொழிற்சாலையில இந்த இணைப்புகள் அடர்த்தின்னு அவர் சொன்னார்.

மூணாவது, டாலர். கச்சா எண்ணெய், சிப், மெஷின் எல்லாம் நாம வெளியில வாங்கறோம். அதுக்கு வெளியில எதையாவது விக்கணும். இங்க நீங்க என்னை மடக்கலாம். "ஐடியும் டாலர் கொண்டு வருதே?" உண்மை. வருஷத்துக்கு 20,000 கோடி டாலரை ஒட்டிக் கொண்டு வருது, அதை நான் குறைச்சுச் சொல்லல. டாலர் கணக்குல ஐடி தொழிற்சாலையோட வேலையைப் பகுதியா பண்ணிடுச்சு. ஆள் கணக்குலதான் பண்ண முடியல.

சவுரி முடியில இருந்து சான்ட்ரோ வரைக்கும்

இதெல்லாம் தியரி. நிஜத்துல நடந்த இடம் ஒண்ணைப் பார்ப்போம்.

1953ல போர் முடிஞ்சப்போ தென் கொரியா தரைமட்டம். 1960கள்ல அவங்க ஏற்றுமதி பண்ணின முக்கியமான பொருட்கள்ல ஒண்ணு என்ன தெரியுமா? விக். தலைமுடியில செஞ்ச சவுரி. அப்புறம் ப்ளைவுட், துணி. ப்ளைவுட்டுக்கு மரம் கூட இறக்குமதி.

அரசு என்ன பண்ணுச்சு? கம்பெனிகளுக்குக் குறைஞ்ச வட்டியில கடன் கொடுத்தது. ஆனா ஒரு நிபந்தனை, ஏற்றுமதி இலக்கைத் தொடணும். தொடலைன்னா அடுத்த கடன் சிக்கல். உள்ளூர்ல தரமில்லாத பொருளைப் பாதுகாப்பா வித்துட்டு உட்கார முடியாது. 1968ல போஸ்கோ ஸ்டீல் கம்பெனி ஆரம்பிச்சாங்க. உலக வங்கி அந்தத் திட்டம் தேறாதுன்னு சொல்லிடுச்சு. ஜப்பான் கொடுத்த இழப்பீட்டுப் பணத்தை அதுல போட்டாங்க. 1973ல உருக்கு வந்துடுச்சு.

அதே காலத்துல, 1967ல ஹூண்டாய் மோட்டார் பிறந்தது. முதல்ல அவங்க பண்ணின வேலை வெறும் அசெம்பிளி. ஃபோர்டோட கார்ட்டினா காரைப் பாகங்களா கொண்டு வந்து பூட்டிக் கொடுத்தாங்க. அப்புறம் சொந்தக் கார் வேணும்னு முடிவு பண்ணினாங்க. இத்தாலிய டிசைனர், மிட்சுபிஷி எஞ்சின், பிரிட்டிஷ் மேலாளர்னு எல்லாத்தையும் வெளியில இருந்து சேர்த்து 1975ல போனிங்கிற காரை உற்பத்திக்குக் கொண்டு வந்தாங்க.

அடுத்த 21 வருஷத்துல அந்தக் கம்பெனி எங்க வந்து நின்னது? இருங்காட்டுக்கோட்டை. 1996ல வந்தாங்க, 1998ல சான்ட்ரோ வெளியாச்சு. கார்ட்டினாவைப் பூட்டக் கத்துக் கொடுத்த ஃபோர்டும் அதே காலத்துல மறைமலை நகர்ல ஆலை போட்டது. அது 2021ல இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தறதா அறிவிச்சது. கத்துக்கிட்டவர் இன்னும் இருக்கார்.

நம்ம பக்கமும் ஒரு வேலை நடந்தது. 1997ல மத்திய அரசு கார் கம்பெனிகளுக்கு ஒரு நிபந்தனை போட்டது. மூணு வருஷத்துக்குள்ள 50 சதவீதம், அஞ்சு வருஷத்துக்குள்ள 70 சதவீதம் பாகங்கள் உள்நாட்டுல வாங்கணும். பிறகு அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் உலக வர்த்தக அமைப்புக்குப் போய் வழக்கில் ஜெயிச்சாங்க. அதுக்குள்ள இங்க சப்ளையர் கூட்டம் உருவாக ஆரம்பிச்சிருந்தது. அதோட வால் நுனியில, மூணாம் கட்ட சப்ளையரா எங்க அப்பாவும் இருந்தார். புஷ், பின், ஸ்பேசர்னு கையளவு சாமான்கள். எந்தக் காருக்குப் போகுதுன்னு அவருக்கே பாதி நேரம் தெரியாது.

கொரியாவை மட்டும் கொண்டாடிட்டுப் போனா நியாயம் இல்ல. அது ராணுவ ஆட்சிக் காலம். யூனியன் அமைக்க விடல. 1970 நவம்பர்ல, சியோல்ல தையல் தொழிலாளி ஜியோன் டே-இல், சட்டத்துல இருக்கற தொழிலாளர் உரிமையை அமல்படுத்தச் சொல்லித் தீக்குளிச்சார். வயசு 22. அவங்க ஏணி யார் தோள் மேல நின்னதுங்கறதையும் சேர்த்தேதான் சொல்லணும்.

130 பேர் கதை

மூணு வாரம் படிச்சதுல என்னை அதிகமா உலுக்கின கதை இது.

1979. பங்களாதேஷ்ல ஏற்றுமதிக்கான ஆயத்த ஆடைத் தொழில்னு சொல்லிக்கற அளவுக்கு எதுவும் இல்ல. தேஷ் கார்மென்ட்ஸ்னு ஒரு புது கம்பெனி, கொரியாவோட டேவூ கம்பெனி கூட ஒப்பந்தம் போட்டு 130 பேரைப் பூசான் நகரத்து ஆலைக்குப் பயிற்சிக்கு அனுப்புச்சு. சுமார் ஆறு மாசம். எப்படி வெட்டறது, எப்படி லைன் போடறது, தரம் எப்படிப் பார்க்கறது, வெளிநாட்டு ஆர்டரை எப்படிக் கையாள்றதுன்னு கத்துக்கிட்டுத் திரும்பினாங்க.

அடுத்த சில வருஷத்துல அந்த 130 பேர்ல 115 பேர் தேஷ் கம்பெனியை விட்டுப் போயிட்டாங்க. சிலர் சொந்தமா ஆலை போட்டாங்க, சிலர் புது ஆலைகளுக்கு மேலாளர் ஆனாங்க. கம்பெனியோட எச்ஆர் கண்ணுல பார்த்தா பேரழிவு. நாட்டோட கண்ணுல பார்த்தா ஒரு தொழில் விதைச்ச மாதிரி. இன்னைக்கு பங்களாதேஷ் ஏற்றுமதியில 80 சதவீதத்துக்கும் மேல ஆயத்த ஆடை.

இதைப் படிச்சப்போ எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அம்பத்தூர் ஆலையில அவர் 11 வருஷம் வாங்கின சம்பளம் செலவாயிடுச்சு. ஆனா ட்ராயிங் படிக்கறது, மைக்ரோமீட்டர்ல நூறுல ஒரு பங்கு மில்லிமீட்டரை அளக்கறது, டூலை எந்தக் கோணத்துல தீட்டறது, ஆயிரம் பீஸ்ல ஒண்ணு கூட ரிஜெக்ட் ஆகாம கொடுக்கறது, இதெல்லாம் அவர் கூடவே வெளிய வந்துடுச்சு. அதை வெச்சுத்தான் பட்டறை போட்டார். அவர்கிட்ட பத்தாவது ஃபெயிலாகி ஹெல்பரா சேர்ந்த ஒரு அண்ணன், லேத் கத்துக்கிட்டு, அப்புறம் சிஎன்சி கத்துக்கிட்டு, இப்போ திருமுடிவாக்கத்துல ரெண்டு மெஷின் வெச்சிருக்கார். ஆறு பேர் அவர்கிட்ட வேலை பார்க்கறாங்க.

ஜிடிபி கணக்குல அந்த அம்பத்தூர் ஆலை செஞ்ச பொருளோட மதிப்பு மட்டும்தான் ஏறியிருக்கும். அப்பாவையும் அந்த அண்ணனையும் உருவாக்கினதுக்கு அதுல தனி வரி கிடையாது. தொழிற்சாலை ஒரு நாட்டுக்குப் பண்ற பெரிய வேலையே அதுதான்னு நான் இப்போ நினைக்கறேன். டிகிரி இல்லாதவங்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கிட்டே தொழில் கத்துக் கொடுக்கற இடம் வேற எதுவும் இந்த அளவுல கிடையாது. நான் தாண்டிடலாம்னு சொன்னது இதைத்தான்.

அப்போ ஏன் நடக்கல?

2011ல வந்த தேசிய உற்பத்திக் கொள்கை, 2022க்குள்ள ஜிடிபியில உற்பத்தித் துறையோட பங்கை 25 சதவீதம் ஆக்கணும், 10 கோடி புது வேலை உருவாக்கணும்னு சொன்னது. 2014ல மேக் இன் இந்தியா. 2020ல இருந்து பிஎல்ஐ, அதாவது உற்பத்தி பண்ணினாத்தான் ஊக்கத்தொகை. பங்கு இன்னும் கணக்கிடும் முறையைப் பொறுத்து 13ல இருந்து 17 சதவீதத்துக்குள்ளதான். வேலையில உற்பத்தித் துறையோட பங்கு சுமார் 11 சதவீதம்.

இது நம்ம பிரச்சனை மட்டும் இல்ல. பிரிட்டன், ஜெர்மனி மாதிரி நாடுகள்ல ஒரு கட்டத்துல 30 சதவீதத்துக்கும் மேல தொழிலாளர்கள் உற்பத்தித் துறையில இருந்தாங்க. இப்போ வளர்ற நாடுகள் அதுல பாதியைக் கூடத் தொடாம, இன்னும் ஏழையா இருக்கும்போதே இறங்க ஆரம்பிச்சுடுது. ராட்ரிக் இதை முதிராத தொழில் சரிவுன்னு சொல்றார். காரணம், ஒரு பக்கம் மெஷின் ஆளைக் குறைக்குது. இன்னொரு பக்கம் சீனா பெரிய அளவுல மலிவா செஞ்சு தள்ளுது. ஏணி இருக்கு, ஆனா படி கம்மியாயிட்டே வருது.

அப்புறம், எல்லாத் தொழிற்சாலையும் ஒரே மாதிரி இல்ல. 2006ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா வந்தப்போ ஆயிரக்கணக்கான இளம் பெண்களுக்கு முதல் சம்பளம் கிடைச்சது. 2014 நவம்பர்ல மூடினாங்க. வரி வழக்கு ஒரு காரணம், சந்தை மாறினது ஒரு காரணம். கார் ஆலை மாதிரி சுத்துவட்டாரத்துல ஆழமா வேர் விட்டிருந்தா, ஒரு கம்பெனி போனாலும் சப்ளையர்கள் வேற ஆளுக்குச் செஞ்சு கொடுத்துப் பிழைச்சிருப்பாங்க. போன்ல முக்கியமான பாகங்கள் வெளிநாட்டுல இருந்து வந்ததால அது நடக்கல.

இன்னைக்குத் தமிழ்நாட்டோட எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 2024-25ல சுமார் 1,465 கோடி டாலர். நாலு வருஷம் முன்னாடி 166 கோடி. பெரிய தாவல்தான். ஆனா இதுல எவ்வளவு இங்கேயே தங்குதுன்னு கேட்கணும். 2010ல ஒரு ஆய்வு ஐபோன் 3ஜி-யைப் பிரிச்சுக் கணக்கு போட்டது. தயாரிப்புச் செலவு 178.96 டாலர். சீனாவுல பூட்டினதுக்குச் சீனாவுக்குக் கிடைச்சது 6.50 டாலர். நாலு சதவீதம் கூட இல்ல. "வெறும் ஸ்க்ரூ முடுக்கற வேலை"ன்னு கிண்டல் பண்றவங்க இந்த எண்ணைத்தான் சொல்வாங்க. ஆனா கதை அங்க முடியல. அதே ஆய்வாளர் பிறகு ஐபோன் எக்ஸை வெச்சுக் கணக்கு போட்டப்போ, சீனக் கம்பெனிகளோட பங்கு சுமார் நாலுல ஒரு பங்கா ஏறியிருந்தது. கார்ட்டினாவில இருந்து போனிக்குப் போன அதே பாதை. அதனால ஸ்க்ரூ முடுக்கறது அவமானம் இல்ல, பத்து வருஷம் கழிச்சும் அதை மட்டுமே பண்ணிட்டு இருந்தாத்தான் பிரச்சனை.

வேலையோட தரமும் பேசணும். இந்தியாவோட தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்கள்ல 40 சதவீதத்துக்கும் மேல தமிழ்நாட்டுல இருக்காங்க. நமக்குப் பெருமைதான். 2021 டிசம்பர்ல ஐபோன் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில சாப்பாடு விஷமாகி, அவங்க சென்னை பெங்களூரு ஹைவேயை மறிச்சு உட்கார்ந்தாங்க. அதுக்கப்புறம்தான் தங்குமிடம் பெரிய பேச்சாச்சு. 2024ல வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்கற விடுதி திறந்தாங்க. நல்லது. ஆனா கான்ட்ராக்ட்ல சில வருஷம் வெச்சிருந்துட்டு வீட்டுக்கு அனுப்பினா, அந்தப் பெண் எதைக் கத்துக்கிட்டு வெளிய போறா? 11 வருஷம் நிரந்தரமா இருந்ததாலதான் அப்பா டர்னர் ஆனார். ஒரே இடத்துல ஒரே பட்டனை அழுத்திட்டுப் போறவங்களுக்கு அந்த வாய்ப்பு இல்ல.

45 நாள்

கடைசியா எங்க வீட்டு விஷயம். 2019ல அப்பா பட்டறையை மூடினார். அது வாகனத் துறை மந்தமான வருஷம், எல்லாரும் அதைத்தான் காரணம்னு சொன்னாங்க. அப்பா சொல்றது வேற. ஆர்டர் குறைஞ்சதை அவர் சமாளிச்சிருப்பார். செஞ்சு கொடுத்த சாமானுக்குப் பணம் வரல. அவர் சப்ளை பண்ணின ஒரு கம்பெனி, பேர் வேண்டாம், 60 நாள்னு ஆரம்பிச்சு, 90 ஆக்கி, கடைசியில 150 நாள் தாண்டியும் பில் பாஸ் பண்ணல. ஆனா ஸ்டீலுக்குக் கையில காசு, ஈபி பில்லுக்குக் கையில காசு, சனிக்கிழமை நாலு பேருக்குச் சம்பளம். நடுவுல இருக்கற ஓட்டையை நகைக்கடனை வெச்சு அடைச்சார். அம்மா வளையல் ரெண்டு தடவை போய்த் திரும்பி வந்துச்சு. மூணாவது தடவை வரல.

சட்டம் இருக்கு. 2006ல வந்த எம்எஸ்எம்இ சட்டப்படி, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளைக்குள்ள பணம் கொடுக்கணும். தாமதமானா ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கிற வட்டியைப் போல மூணு மடங்கு, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. "புகார் கொடுக்கலாமே?"ன்னு அப்போ நான் கேட்டேன். "கொடுத்தா வட்டி வரும், அடுத்த ஆர்டர் வராது"ன்னார். 2024 ஏப்ரல்ல இருந்து வருமான வரியில ஒரு புது விதி. சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள்ள பணம் கொடுக்கலைன்னா, வாங்கின கம்பெனி அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாக் காட்ட முடியாது. புகார் கொடுக்காமலே கொஞ்சம் அழுத்தம் வருது. அப்பாவுக்கு அது அஞ்சு வருஷம் லேட்.

பெரிய ஆலை திறப்பு விழாவுக்கு ரிப்பன், செய்தி, சலுகை எல்லாம் உண்டு. டிபென்டென்சி ட்ரீயோட அடியில இருக்கற நாலு பேர் பட்டறை எப்போ விழுதுன்னு யாரும் பார்க்கறதில்ல. நம்ம வேலையில அப்படி ஒரு சின்ன லைப்ரரியை யாரோ எடுத்துட்டா மறுநாள் பாதி இன்டர்நெட்டே பில்ட் ஆகாம நிக்கும், உடனே தெரிஞ்சுடும். இங்க மெதுவா தெரியும். அடுத்த டர்னர் உருவாகாம போகும்போது தெரியும்.

நான் ஐடிக்குப் போனதுக்கு வருத்தப்படல. அப்பாவும் போகாதேன்னு சொன்னதில்ல, அவர்தான் ஃபீஸ் கட்டினார். ஆனா என் கதை ஏணியோட மேல் படியில இருந்து ஆரம்பிக்குது. கீழ்ப் படிகளை அப்பா ஏறி முடிச்சிருந்தார். அது தெரியாம, ஏணியே வேண்டாம்னு மைக்ல சொல்லிட்டேன். அதைத் திரும்ப எடுத்துக்கறேன்.

ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி இந்த ஸ்கிரிப்டை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். முதல்ல அவரைப் பத்தி "லேத் ஓட்டிட்டு இருந்தவர்"னு எழுதியிருந்தேன். அதை மட்டும் மாத்தச் சொன்னார். "டர்னர்னு போடு."

உங்க வீட்டுலயும் ஒரு ஃபிட்டரோ, வெல்டரோ, தையல் லைன்ல நின்ன அம்மாவோ இருந்தா, அவங்க தொழிலை எங்க கத்துக்கிட்டாங்கன்னு கேட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல திருப்பூர் போறோம். பின்னலாடையில ஒரு ஊரே எப்படித் தொழில் கத்துக்கிட்டது, அதுக்கு நொய்யல் ஆறு என்ன விலை கொடுத்ததுன்னு பேசலாம்.